தாத்தாவின் கத்தி

நாற்பத்து மூன்று வயதில் ஒருவன் முகக்ஷவரம் செய்துகொள்ளப் பழகினான் என்றால், "அதுவரையில் என்ன, சாமியாராகவா இருந்தான்?" என்று கேட்கத் தோன்றும். நான் சாமியாராக இருந்ததில்லை. பதினெட்டு வயது முதல் பிளேடு செருகிய ரேஸரால் தினந்தோறும் கன்னத்தைச் சுரண்டிக்கொண்டு வந்தவன்தான். புதிதாகப் பழகியது மடக்குக் கத்தி. கைப்பிடிக்குள் சாதுவாக மடங்கிக் கிடந்து, திறந்தால் ஒரு சாண் நீளத்துக்குப் பளபளவென்று தலையை நீட்டுமே, அந்தக் கத்தி. இங்கிலீஷ்காரர்கள் ஒளிவு மறைவில்லாமல் அதற்குக் 'கழுத்தறுப்பான்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

கத்தி என் தாத்தாவுடையது. கிராமத்து வீட்டை விற்பதற்குமுன் பரணை ஒழித்தபோது ஒரு தகரப் பெட்டி கிடைத்தது. அதற்குள் இந்தக் கத்தி, விறைத்துப்போன ஒரு தோல் வார், எலுமிச்சம்பழ அளவில் ஒரு படிகாரக் கட்டி. கத்தியின் அடியில் 'ஷெபீல்டு' என்றும், அலகின்மேல் 'சில்வர் ஸ்டீல்' என்றும் எழுத்து. 1958-ம் வருஷம் தாத்தா மதராஸுக்குப் போனவர் மூர் மார்க்கெட்டில் பழையதாக வாங்கி வந்தாராம். அன்றிலிருந்து கடைசி வரையில் நாவிதரைக் கூப்பிடாமல் தன் முகத்தைத் தானே சவரம் செய்துகொண்டாராம். எங்கள் குடும்பத்தில் இது ஒரு சின்னப் புராணம். பெரியப்பா இதைச் சொல்லும்போதெல்லாம், "ஒருவர் கையை எதிர்பாராத மனுஷர்!" என்று முடிப்பார்.

அப்படிப்பட்டவரின் பேரன் நாமும் ஒரு கை பார்ப்போமே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்ணாடி முன்னால் நின்றேன். ஐந்து நிமிஷத்தில் வலது கன்னத்தில் ஒரு கீறல், மோவாயில் ஒன்று, சம்பந்தமே இல்லாமல் காது மடலில் ஒன்று. என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "உள்ளே எடுத்து வையுங்கள். குழந்தைகள் பயப்படுகிறார்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஒரு காரியம் கைவராவிட்டால், அடுத்தபடியாகச் செய்யத் தெரிந்தது அதன் சரித்திரத்தைப் படிப்பது. கன்னத்தில் பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டு அதைத்தான் செய்தேன்.

சவரக்கத்தி மிகப் பழைய ஆயுதம். எகிப்தில் கல்லறைகளுக்குள் செம்பிலும் வெண்கலத்திலும் செய்த சவரக்கத்திகள் கிடைத்திருக்கின்றன. செத்தவருக்கும் மறு உலகத்தில் அது வேண்டியிருக்கும் என்று நினைத்திருக்கிறார்கள். போர்க்களத்தில் எதிரி தாடியைப் பிடித்து இழுத்துவிடுவான் என்பதற்காக அலெக்ஸாந்தர் தன் வீரர்களை மழித்துக்கொள்ளச் சொன்னான் என்று புளூட்டார்க் எழுதுகிறார். ரோமாபுரிக்கு நாவிதர்கள் சிசிலியிலிருந்து கி.மு. 300 வாக்கில் வந்தார்கள் என்றும், தினந்தோறும் சவரம் செய்துகொள்ளும் வழக்கத்தை ஆரம்பித்து வைத்தவர் சின்ன சிப்பியோ என்றும் பிளினி சொல்லுகிறார்.

இந்தப் பெரிய மனிதர்களில் பெரும்பாலோர் தாங்களே கத்தியைப் பிடித்திருக்க மாட்டார்கள். கத்தி வேறொருவன் கையில், கழுத்து இவர்களுடையது. ராஜாவும் சேனாபதியும் தங்களைவிட எத்தனையோ படி தாழ்ந்தவன் என்று தாங்கள் நினைத்த ஒருவனிடம் தினமும் கழுத்தை நீட்டிக்கொண்டு கண்ணை மூடியிருக்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

அந்தக் கை வெறும் சவரக் கையும் அல்ல. கட்டி அறுப்பது, பல் பிடுங்குவது, ரத்தம் எடுப்பது எல்லாம் அதே கைதான். இங்கிலாந்தில் எட்டாவது ஹென்றி 1540-ல் நாவிதர்களையும் ரண வைத்தியர்களையும் ஒரே சங்கமாகச் சேர்த்து வைத்தான். 1745-ல்தான் அவர்கள் பிரிந்தார்கள். பிரிந்தபின் ரண வைத்தியர்கள் பிரமாதமாக உயர்ந்தார்கள். நாவிதர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். நம் ஊரிலும் கதை அதுவே. மருத்துவர் என்றும் பரியாரி என்றும் பெயர் இருந்தது. வீட்டுப் பெண்களே ஊருக்குப் பிரசவம் பார்த்தார்கள். பெயர் மருத்துவர், நிற்கும் இடம் கொல்லைப்புறம்.

'இன்னொருவர் கை எதற்கு?' என்று துணிந்து கேட்டவர் பாரிஸ் நகரத்தில் கத்தி செய்து விற்ற ழான் ழாக் பெரே என்பவர். 1769-ல் ஒருவன் தன் முகத்தைத் தானே சவரம் செய்துகொள்ளக் கற்பது எப்படி என்று ஒரு முழுப் புஸ்தகமே எழுதினார். எந்தக் கத்தி வாங்க வேண்டும், எப்படித் தீட்ட வேண்டும், தோலை எந்தக் கையால் இழுத்துப் பிடிக்க வேண்டும், எல்லாம் அதில் உண்டு. தச்சனுடைய இழைப்புளியைப் பார்த்து, கத்தி அலகுக்கு மரத்தால் ஒரு தடுப்பும் செய்தார். அதற்குமேல் ஆழமாகக் கத்தி இறங்காது. என்னைப் போன்றவர்களை மனத்தில் வைத்துக்கொண்டு செய்த ஏற்பாடு.

ஆனால் தானே செய்துகொள்ள வேண்டுமானால் முதலில் நல்ல உருக்கு வேண்டும். அந்தக் கதையின் நாயகர் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் என்ற கடிகாரக்காரர். கடிகாரச் சுருள் அடிக்கடி ஒடிகிறதே என்று சலித்து, 1740 வாக்கில் ஷெபீல்டுக்குப் பக்கத்தில், மூடிய மண் குகைக்குள் உருக்கை முழுவதும் திரவமாக்கி வார்க்கும் வித்தையைக் கண்டுபிடித்தார். உள்ளூர்க் கத்திக்காரர்கள் முதலில் அதைத் தொட மறுத்தார்கள், கடினமாக இருக்கிறதாம். ஹண்ட்ஸ்மன் அதைப் பிரான்ஸுக்கு அனுப்பினார். அங்கிருந்து நல்ல கத்திகள் வந்து இறங்கிய பிறகுதான் ஷெபீல்டு விழித்துக்கொண்டது. ஒரு குளிர்கால ராத்திரியில் போட்டிக்காரர் ஒருவர் பிச்சைக்காரன் வேஷத்தில் வந்து, உலைக்குப் பக்கத்தில் படுக்க இடம் கேட்டு, தூங்குவதுபோல் நடித்து ரகசியத்தைத் திருடிக்கொண்டு போனார் என்று அந்த ஊரில் ஒரு கதை உண்டு. நாவலாசிரியன் என்ற முறையில் அது நிஜமாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

குகையில் உருக்கைக் காய்ச்சுவது ஹண்ட்ஸ்மனுக்குப் புதிதாக இருக்கலாம், நமக்குப் புதிதல்ல. கொடுமணலில் தோண்டியபோது இரும்பு உலைகள் கிடைத்தன. இரும்புத் துண்டுகளோடு ஆவாரங்கட்டையைப் போட்டு, எருக்கிலையால் மூடி, சின்ன மண் குகைக்குள் வைத்து ஊதிக் காய்ச்சும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் தென்னாட்டுக் கிராமங்களில் இருந்தது. வெள்ளைக்காரர்கள் அந்த உருக்குக்கு 'வூட்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். கன்னடத்து 'உக்கு'தான் அப்படித் திரிந்தது என்பது பலருடைய அபிப்பிராயம். நம் 'உருக்கு' அதன் உடன்பிறப்பு. 1795-ல் ஜார்ஜ் பியர்ஸன் என்பவர் லண்டன் ராயல் சொஸைட்டியில் இந்த உருக்கைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற லண்டன் கத்திக்காரர் இதிலிருந்து கத்திகள் செய்து, இதற்கு மேற்பட்டது இல்லை என்று விளம்பரம் செய்தார்.

அந்த ஸ்டோடார்ட்டோடு ஓர் இளைஞர் சேர்ந்துகொண்டார். கருமான் மகன், பெயர் மைக்கேல் பாரடே. மின்சாரத்துக்காக உலகம் அறிந்த அதே பாரடேதான். இந்த உருக்கின் சூட்சுமம் என்ன என்று பார்ப்பதற்காக இருவரும் உருக்கோடு என்னென்னவோ உலோகங்களைக் கலந்து 1820-லும் 1822-லும் கட்டுரைகள் எழுதினார்கள். ஐந்நூற்றில் ஒரு பங்கு வெள்ளி சேர்த்தால் உருக்கு மிக நன்றாக வருகிறது என்பது ஒரு முடிவு. தான் செய்த உருக்கில் சவரக்கத்திகள் அடிக்கச் சொல்லிப் பாரடே சிநேகிதர்களுக்குப் பரிசாகக் கொடுப்பாராம். அதற்குப் பிறகு ஷெபீல்டுக் கத்திகளில் 'சில்வர் ஸ்டீல்' என்று பொறிப்பது வழக்கமாகிவிட்டது. அவற்றில் எத்தனை கத்திகளில் வெள்ளி இருந்தது என்று கேட்கக் கூடாது. என் தாத்தாவின் கத்தியை எடுத்து அந்த எழுத்தை மறுபடியும் ஒரு தடவை தடவிப் பார்த்தேன். ஆவாரங்கட்டைக்கும் அந்த எழுத்துக்கும் நடுவில் இப்படி ஒரு வழி இருக்கும் என்று யார் கண்டது?

இன்னொரு வழியும் இருந்தது. மதராஸில் கம்பெனி உத்தியோகத்தில் இருந்த ஹீத் என்பவர் 1830-ல் பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பாலை வைத்தார். ஆலை நஷ்டத்தில் தள்ளாடியது. சீமைக்குத் திரும்பிய ஹீத், உருக்கில் மாங்கனீஸ் சேர்க்கும் முறைக்கு 1839-ல் பேட்டண்டு வாங்கினார். அதனால் ஷெபீல்டு உருக்கு மலிவாயிற்று. ஊர் முழுவதும் அவருடைய முறையைக் கொஞ்சம் மாற்றி இலவசமாக எடுத்துக்கொண்டது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே 1851-ல் ஹீத் இறந்துபோனார்.

இவ்வளவு தூரம் படிப்பதற்கு உற்சாகமாகத்தான் இருந்தது. அடுத்தபடி படித்தது அப்படியில்லை.

கத்தி அடிப்பது ஒரு வேலை; அதைச் சாணைச் சக்கரத்தில் பிடித்துத் தேய்ப்பது வேறு வேலை. ஷெபீல்டில் தேய்ப்பவர்கள் குதிரைமேல் உட்காருவதுபோல் ஒரு பலகைமேல் உட்கார்ந்து, சுழலும் கல்லின்மேல் குனிந்து வேலை செய்வார்கள். கல் தூசியும் இரும்புத் தூசியும் நேரே மூக்குக்குள் போகும். எங்கெல்ஸ் 1845-ல் இங்கிலாந்துத் தொழிலாளிகளைப் பற்றி எழுதிய புஸ்தகத்தில், நைட் என்ற ஷெபீல்டு டாக்டர் சொன்ன கணக்கை எடுத்துப் போட்டிருக்கிறார். முள்கரண்டி தேய்ப்பவர்கள் இருபத்தெட்டிலிருந்து முப்பத்திரண்டு வயதுக்குள் செத்துப் போகிறார்கள். சவரக்கத்தி தேய்ப்பவர்கள் நாற்பதிலிருந்து நாற்பத்தைந்துக்குள். அவர்களில் நிறையக் குடிக்கிறவர்கள்தான் அதிக நாள் இருக்கிறார்களாம். வேலைக்கு அடிக்கடி வராததால்.

எனக்கு நாற்பத்து மூன்று என்று சொன்னேன் அல்லவா? அன்றைக்குப் புஸ்தகத்தை மூடி வைத்துவிட்டேன். கத்தியின் இரண்டு பக்கமும் உள்வாங்கிக் குழிந்திருப்பதை அதுவரையில் அழகு என்றுதான் நினைத்திருந்தேன். அந்தக் குழி சக்கரத்தின் வளைவு. ஒருவன் குனிந்து உட்கார்ந்து எடுத்த குழி.

பிறகு வந்தவர் ஜில்லெட். 1895-ல் அவருக்கு நாற்பது வயது. புட்டிக்கு மூடி விற்கும் கம்பெனியில் பிரயாண ஏஜெண்ட். முந்தின வருஷம்தான், போட்டி வியாபாரமே சகல தீமைக்கும் வேர், அமெரிக்கர்கள் எல்லாரும் நயாகராவுக்குப் பக்கத்தில் ஒரே பட்டணமாகச் சேர்ந்து வாழ வேண்டும் என்று புஸ்தகம் எழுதியிருந்தார். ஒரு நாள் காலையில் தன் மடக்குக் கத்தி மழுங்கிப் போயிருப்பதைப் பார்த்தார். தீட்டவே வேண்டாத, தேய்ந்ததும் தூக்கி எறிகிற கத்தி இருந்தால் என்ன என்று தோன்றிவிட்டது. நிக்கர்ஸன் என்ற எஞ்சினீயர் வந்து மெல்லிய தகட்டுக்குக் கூர் ஏற்றும் யந்திரம் செய்து கொடுத்தார். 1903-ல் விற்றவை 51 ரேஸர்களும் 168 பிளேடுகளும். அடுத்த வருஷம் தொண்ணூறாயிரம் ரேஸர்களுக்குமேல். முதல் உலக யுத்தத்தில் அமெரிக்க ராணுவம் முப்பத்தைந்து லக்ஷம் ரேஸர்கள் வாங்கிற்று. யுத்தம் முடிந்து வீட்டுக்குத் திரும்பியவர்கள் நாவிதர் கடைக்குத் தினமும் போகிற வழக்கத்தை விட்டுவிட்டார்கள். போட்டி வேண்டாம் என்றவர் உலகத்துக் கத்திக்காரர்களை எல்லாம் தோற்கடித்துவிட்டார்.

சரித்திரம் இப்படி முடிந்துவிட்டாலும் என் கத்தி வழிக்கு வரவில்லை. படித்தபடி செய்து பார்த்தேன். வெந்நீரில் தாடியை நன்றாக ஊற வைத்தேன். கத்தியை முகத்தோடு முப்பது பாகை சாய்த்துப் பிடித்தேன். இடது கையால் தோலை இழுத்து, மயிர் போகும் திசையிலேயே சின்னச் சின்னதாக இழுத்தேன். காயங்கள் நின்றன; ஆனால் கத்தி வெட்டவில்லை, பிடுங்கிற்று. உருக்கைவிட ஐம்பது மடங்கு மிருதுவான மயிர், கத்தியின் கூரை எப்படிப் பொடிப்பொடியாக உதிர்க்கிறது என்று அமெரிக்காவில் எம்.ஐ.டி. விஞ்ஞானிகள் 2020-ல் பெரிய மைக்ராஸ்கோப் வைத்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். நிக்கர்ஸன் படித்ததும் அதே கலாசாலைதான். எனக்கு வேண்டியது விஞ்ஞானி அல்ல, தீட்டத் தெரிந்த ஆள்.

இப்போது அது சுலபமல்ல. சலூன்களில் மடக்குக் கத்தி மாதிரிதான் தெரியும். ஆனால் பிளேடைப் பாதியாக ஒடித்துச் செருகிக்கொள்வார்கள். ஒருவருடைய வியாதி இன்னொருவருக்குப் போகக்கூடாது என்ற நல்ல காரணத்தால் வந்த மாறுதல். பல கடைகளில் விசாரித்தேன். கடைசியில் எங்கள் கிராமத்துக்குப் பக்கத்துக் கடைத்தெருவில் சலூன் வைத்திருக்கும் ஒருவர், "எங்க அப்பா கிட்ட கேளுங்க சார். அவருக்குத்தான் கல்லு புடிக்கத் தெரியும்" என்றார்.

பெரியவருக்கு எண்பது வயது இருக்கும். திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கத்தியைக் கொடுத்தேன். திறந்தார். அலகைப் பார்க்கவில்லை, முதுகைத்தான் பார்த்தார். வெளிச்சத்தில் ஒரு தடவை திருப்பினார்.

"தம்பி, இது யாரு கத்தி?"

தாத்தாவின் பெயரையும் ஊரையும் சொன்னேன்.

"அப்படிச் சொல்லுங்க. முதுகு ஒரு பக்கமாத் தேஞ்சிருக்கு பாருங்க. எங்க அப்பாவுக்கு வலது மணிக்கட்டு ஒடிஞ்சு கூடின கை. எந்தக் கத்தியைத் தீட்டினாலும் இப்படித்தான் சாயும்."

நான் நம்பாமல், தாத்தா யாரையும் எதிர்பார்க்காமல் தாமே எல்லாம் செய்துகொண்டவர் என்றேன். அவர் சிரித்தார்.

"சவரம் தானேதான் பண்ணிக்கிட்டாரு. அதுல பொய் இல்லை. எதனால பண்ணிக்கிட்டாருன்னு சொல்லியிருக்காங்களா?"

சொல்லவில்லை.

1958-ல் பெரியவருக்குப் பதின்மூன்று வயது. அடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு தகப்பனாரோடு வீடு வீடாகப் போவாராம். எங்கள் வீட்டில் கொல்லைப்புறத்து வழியாகத்தான் வரவேண்டும். மாட்டுக் கொட்டகை ஓரத்தில் வேலை. கூலி, அறுப்புக் காலத்தில் களத்தில் அளக்கும் நெல். அந்த வருஷம் தகப்பனார் கடைத்தெருவில் ஒரு நாற்காலியும் கண்ணாடியும் வாங்கிப் போட்டார். இனிமேல் வீட்டுக்கு வருவதில்லை, வேண்டியவர்கள் கடைக்கு வரலாம், காசு கொடுத்தால் போதும் என்று சொல்லி அனுப்பினார். தாத்தாவுக்கு வந்த கோபத்தில் அந்த வருஷத்து நெல்லை நிறுத்திவிட்டார். கண்டவன் உட்காருகிற நாற்காலியில் தான் உட்காருவதா என்று கேட்டாராம். அடுத்த மாதம் மதராஸ் போய்க் கத்தி வாங்கி வந்தார்.

"வாங்கிட்டாரு. தீட்டத் தெரியணுமில்ல? ரெண்டு மாசத்துல மழுங்கிப் போச்சு. பண்ணையாள் கிட்ட துணியில சுத்திக் கொடுத்து அனுப்பினாரு, இருட்டினதுக்கப்புறம். எங்க அப்பா ஒண்ணும் கேக்கல. தீட்டிக் கொடுத்தாரு. நாலணா வாங்கினாரு. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை அப்படித்தான் வரும். கடைசி வரைக்கும் வந்துச்சு."

காந்தி தம் சுயசரிதையில் இதுபோல் ஒன்று எழுதியிருக்கிறார். பிரிட்டோரியாவில் வெள்ளைக்கார நாவிதர் ஒருவர் அவருக்குத் தலைமயிர் வெட்ட மறுத்தார். காந்தி ஒரு கத்தரி யந்திரம் வாங்கித் தாமே கண்ணாடியைப் பார்த்து வெட்டிக்கொண்டார். பின்பக்கம் கந்தலாகி, கோர்ட்டில் சிநேகிதர்கள் எலி கடித்ததா என்று கேட்டுச் சிரித்தார்களாம். ஆனால் அந்த நாவிதர்மேல் அவர் குற்றம் சொல்லவில்லை. கறுப்பர்களுக்கு வெட்டினால் அவருக்கு வாடிக்கை போய்விடும். நம் ஊரில் நம் நாவிதர்கள் தீண்டாதார்க்கு வெட்ட நாம் விடுகிறோமா என்று கேட்கிறார். அவர் தாமே வெட்டிக்கொண்டது அவமானத்துக்கு ஆளானதால். என் தாத்தா தாமே சவரம் செய்துகொண்டது, அவமானப்படுத்தும் உரிமை கைவிட்டுப் போனதால். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே சுயநம்பிக்கையாகத் தெரிகிறது.

பெரியவரிடம் காந்தி சமாசாரத்தைச் சொன்னேன். சிறிது நேரம் கல்லில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"வாஸ்தவம்தான். எங்க அப்பாவும் அந்த நாற்காலியில சேரி ஆளுங்களை உட்கார வச்சதில்லை, தம்பி. ஊர்க்காரன் வரமாட்டான்னு பயம். என் கைக்குக் கடை வந்தப்புறம்தான் உட்கார வச்சேன். அதுக்கும் சண்டைதான்" என்றார்.

பிறகு தீட்டக் கற்றுக்கொடுத்தார். கத்தியின் முதுகும் கூரும் இரண்டும் கல்லில் படிய வேண்டும். முதுகின் பருமனே சாய்மானத்தைப் பார்த்துக்கொள்ளும். நாம் கெட்டிக்காரத்தனம் பண்ணக்கூடாது. கல்லில் கூர் முன்னால் போக வேண்டும். தோல் வாரில் முதுகு முன்னால் போக வேண்டும். திருப்பும்போது முதுகின்மேல்தான் புரட்ட வேண்டும். கூரின்மேல் புரட்டினால் வார் அறுந்துபோகும். அழுத்தவே கூடாது. "கத்தியோட எடை போதும். உங்க எடை எதுக்கு?" என்றார். அந்த ஒரு வார்த்தையில் என் காயங்களுக்கெல்லாம் காரணம் இருந்தது.

அவர் வீட்டுக் கண்ணாடியில், அவர் பார்த்துக்கொண்டிருக்க, சவரம் செய்துகொண்டேன். ஓர் இடத்திலும் ரத்தம் வரவில்லை. காது ஓரத்தில் விட்டுப்போன நாலு மயிரை மட்டும் அவர் கத்தியை வாங்கி எடுத்துவிட்டார். கண்ணை மூடிக்கொண்டேன்.

"என்ன கொடுக்கட்டும், ஐயா?" என்று கேட்டேன்.

"உங்க தாத்தா கணக்குல பாக்கி இல்ல. ஒரு தடவைகூடக் கடன் சொன்னதில்லை. உங்களுக்கு ஐம்பது ரூபாய்" என்றார்.

போன மாதம் ஒரு கல்யாணத்தில் பெரியப்பாவைப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். வெற்றிலையை மடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். வெகு நேரம் கழித்து, "அந்தப் பண்ணையாள் கும்பகோணம் போய்த் தீட்டிக்கொண்டு வருவதாகத்தான் அப்பா சொல்வார். கும்பகோணத்துக்கு ராத்திரியில் எதற்குப் போகிறான் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை" என்றார்.